உங்கப்பாகிட்ட சொல்லு

"உங்கப்பாகிட்ட சொல்லு, வெயில் ஏறிடுச்சு, தொப்பியைப் போட்டுக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

அப்பா அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினால் அவளே அந்தத் தொப்பியை அவர் தலையில் கவிழ்த்துவிடலாம். நான் வரிசையின் முன்னால், நுழைவுச்சீட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நடுவில் நின்ற முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தலையைத் திருப்பித் திருப்பி எங்களைப் பார்த்தது.

"அப்பா, தொப்பி."

"காது கேக்குதுன்னு சொல்லு."

"அம்மா, காது கேக்குதாம்."

சீட்டுக் கொடுக்கும் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "எல்லாரும் ஒண்ணாதானே வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

விஷயம் இதுதான். போன மழைக்காலத்தில் அம்மா சில நாள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது மொட்டை மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அப்பாவிடம் ஒப்படைத்தாள். அந்தத் தொட்டிகளில் ஒன்று நத்தைச் செடி. அதன் சரியான பெயர் வேறு ஏதோ. இலை ஒவ்வொன்றும் நடுவிலிருந்து நத்தைக் கூடு போலச் சுருண்டு சுருண்டு இருக்கும் என்பதால் அம்மா வைத்த பெயர் அது. யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு இலை வாங்கி வந்து, அதை மண்ணில் படுக்க வைத்து, வேர் விட்டதா என்று தினம் பார்த்து, பச்சைப் பிள்ளையைப் போல வளர்த்திருந்தாள்.

அப்பா குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பம்பு, குழாய், வால்வு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். செடி விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இலை சுருண்டால் நோய். மற்றத் தொட்டிகளுக்கும் தொற்றிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் நத்தைச் செடியை வேரோடு பிடுங்கினார். பிடுங்கியதோடு விட்டாரா? மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியும் விட்டார். குப்பையில் போட்டிருந்தாலாவது ஒரு இலையைப் பொறுக்கியிருப்பேனே என்று அம்மா அழுதாள். மறுநாள் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, அப்பா வேலைக்காலம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பித்தளை வால்வுகளைச் சாக்கோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அன்றோடு பேச்சு நின்றது. அம்மா கீழே, அப்பா மாடி அறையில். நான் வேறு ஊரில்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் மத்தளம். தினமும் வேலை முடிந்து வந்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் போடுவேன். "கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு" என்பாள். வைத்துவிட்டு அப்பாவுக்குப் போடுவேன். "நேத்தே பதிவு பண்ணியாச்சுன்னு சொல்லு" என்பார். மறுபடி அம்மா. "பண்ணியிருந்தா வந்திருக்கணுமேன்னு கேளு." மறுபடி அப்பா. ஒரே வீடு, நடுவில் ஒரு மாடிப்படி. அந்தப் படியில் ஏற வேண்டிய வார்த்தை இன்னொரு ஊருக்கு வந்து, என் தலைவலியைக் கிளப்பிவிட்டு, திரும்பிப் போகும்.

கட்டடங்களில் லிஃப்ட்டைப் பரிசோதித்துச் சான்று கொடுப்பது என் தொழில். கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, மின்சாரம் போனால் பெட்டி எங்கே நிற்கும் என்று பார்ப்பேன். லிஃப்ட்டுக்குக்கூட இத்தனை ஆளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று பலகை உண்டு. எனக்கு யார் பலகை மாட்டினார்கள்? ஒரே பிள்ளையாகப் பிறந்ததற்கு இது தண்டனை என்று இருந்தேன். கிடைத்த ஒரே லாபம், இந்தக் கலாட்டாவில் என் கல்யாணப் பேச்சை இருவரும் மறந்துபோனதுதான்.

இந்த நேரம் பார்த்து அந்த வாய்ப்பு வந்தது. கடல் தாண்டி ஒரு நகரத்தில் எங்கள் நிறுவனம் புதிதாகக் கிளை திறக்கிறது. பரிசோதனைப் பிரிவுக்கு என்னைத் தலைமையாகப் போடுகிறார்கள். எத்தனையோ வருடமாக நான் ஏங்கிக் காத்திருந்த வேலை. மேலாளர், "சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆமா இல்லைன்னு சொல்லிடும்மா, இல்லேன்னா அடுத்த ஆளைப் பாக்கணும்" என்றார். இன்று சனிக்கிழமை.

வீட்டில் நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் இரண்டு பேரிடமிருந்து இரண்டு பதில் வரும், அதையும் நானே சுமக்க வேண்டும். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு கேஸ் வந்ததா என்று யார் கேட்பது? நான் போன மறுவாரமே கீழே ஒருவர் மயங்கி விழுந்தால், மாடியில் இருப்பவருக்கு யார் சொல்வது? அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அதனால் எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். நகரத்துக்கு வெளியே ஒரு பழைய தோட்டம் இருக்கிறது. குளங்கள் உண்டு, அது அப்பாவுக்கு. எங்கும் பார்க்க முடியாத செடிகள் உண்டு, அது அம்மாவுக்கு. அங்கே மாடியும் கிடையாது, கீழ்வீடும் கிடையாது. தோட்டத்தை விட்டு வெளியே வருவதற்குள் இவர்கள் ஒருவரோடு ஒருவர் நேராக ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், நான் வேலைக்குப் போகிறேன். பேசாவிட்டால் வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன். தொப்பி விஷயத்திலேயே எனக்கு நம்பிக்கை பாதி போய்விட்டது.

உள்ளே நுழைந்ததும் ஒரு வழிகாட்டி எங்களைப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி கட்டியிருந்தார். பக்கத்தில் நிற்பவரிடமும் அதில்தான் பேசினார். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கப்பல் வியாபாரி கட்டிய தோட்டம் இது. போன துறைமுகத்திலெல்லாம் ஆளுக்கொரு பொருள் வாங்கி வரும்போது, அவர் மட்டும் செடி வாங்கி வந்தாராம். குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார் என்று மாலுமிகள் ஒருமுறை அவரைக் கடலில் தள்ளப் பார்த்தார்களாம்.

"எந்தச் செடியையும் தொடக்கூடாது. இலை கிள்ளக்கூடாது. போன மாசம் ஒரு அம்மா கைப்பையில வச்சுக்கிட்டுப் போனாங்க, வாசல்ல பிடிச்சுட்டோம்" என்று ஒலிபெருக்கி அலறியது. அம்மா கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

குளங்கள் ஐந்து. ஒன்றைவிட ஒன்று தாழ்வாக, படி இறங்குகிற மாதிரி வெட்டியிருந்தார்கள். மேல் குளம் நிரம்பினால் கல் வாய்க்கால் வழியாக அடுத்ததுக்கு வழியும். பம்பு எதுவும் கிடையாது. அப்பா முதல் குளத்தருகே குனிந்தவர் நிமிரவே இல்லை. மதகுப் பலகையைத் தட்டிப் பார்த்தார், வாய்க்காலில் ஒரு காய்ந்த இலையைப் போட்டு அது போகும் வேகத்தைப் பார்த்தார். மூன்றாவது குளத்தில் அல்லி இலைகள் விளிம்பு வைத்த பெரிய தட்டுகளைப் போல மிதந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் முகமும் நன்றாக மலர்ந்திருந்தது. இதுதான் சமயம் என்று நான் மெல்ல நகர்ந்து, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்படி விட்டேன்.

அம்மா வாயைத் திறந்தாள். 

"தண்ணிகூட பாரேன்" என்று குளத்தைப் பார்த்துச் சொன்னாள். "மேல இருக்கோம்னு இறுமாப்பு இல்லாம தானா கீழ இறங்கி வருது. சில பேருக்கு அந்தப் புத்தி இல்லை."

அப்பா வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார்: "கீழ இருக்கற குளம் சும்மா இருந்தா தண்ணி இறங்கும். கரையை உடைச்சுப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டா எப்படி இறங்கும்?"

ஒலிபெருக்கிக்காரர் குழம்பிப்போய், "கரை உடையலைங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ஜாடை மழைதான். பூச்சி தின்னும் குடுவைச் செடிகளை ஒரு கம்பி வலைக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். "வாயைத் திறந்து வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கு. எல்லாம் தானா வந்து வாயில விழணும். நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு, மாடியில" என்றாள் அம்மா. கொஞ்ச தூரம் போனதும் ஆள் உயரத்துக்கு ஒரு பூ. எப்போதோ ஒரு தடவைதான் பூக்குமாம், பூத்தால் செத்த எலி நாற்றம் அடிக்குமாம். அன்று பார்த்துப் பூத்திருந்தது. அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தூரத்துலேர்ந்து பாத்தா என்ன லட்சணம்! பக்கத்துல குடித்தனம் பண்ணினாத்தானே தெரியும்" என்றார். வழிகாட்டி சிரித்தே விட்டார். நான் சிரிக்கவில்லை. பேச வாய் இருக்கிறது, கேலி பேசத் தெரிகிறது, முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மட்டும் கௌரவம் தடுக்கிறது. வயதானவர்கள் என்று பார்க்காமல் இரண்டு பேரையும் அந்த மூன்றாவது குளத்தில் தள்ளிவிட்டால் என்ன என்று இருந்தது.

மத்தியானம் நாலாவது குளத்தின் கரையில் ஒரு நீள பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் நடுவில். வேறு எங்கே உட்காருவேன்? அம்மா டப்பாக்களை எடுத்து என் மடியில் வைத்தாள், நான் ஒன்றை அப்பாவிடம் நகர்த்தினேன். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு அளவா இருக்குன்னு சொல்லு" என்றார். அவர் டப்பாவிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதை அப்பா என்னிடம் வியாழக்கிழமைதான் சொன்னார். அதை நான் அம்மாவிடம் இன்னும் சேர்க்கவில்லையே என்று ஒரு யோசனை வந்தது. எத்தனையோ சேதியில் அதையும் சொல்லியிருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

"அம்மா, உப்பு அளவா இருக்காம்."

"இருந்தா சரின்னு சொல்லு."

அந்த நிமிடம் எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. எழுந்து நின்றேன். "தண்ணி வாங்கிட்டு வர்றேன். ரெண்டு பேரும் இங்கயே இருங்க. சண்டை போடணும்னா போடுங்க, நேரா போடுங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள ஒருத்தர் இன்னொருத்தரைக் குளத்துல தள்ளினாக்கூட சந்தோஷப்படுவேன்" என்றேன். இருவரும் இரண்டு திசையைப் பார்த்தார்கள்.

கடை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. கடைக்கு முன்னால் இருந்த மரத்தில் பூ கிளையில் பூக்காமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. மரத்தடியில் நின்று மேலாளருக்கு எழுதினேன்: 'மன்னிக்கவும். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் வர இயலாது. வேறொருவரை நியமித்துக்கொள்ளவும்.' அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. செய்தி போகவில்லை. சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஊருக்கு வெளியே அல்லவா, சிக்னல் இல்லை. வாசலைத் தாண்டி வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனால்தான் கிடைக்கும் என்றார் கடைக்காரர். போகும்போது தானாகப் போகட்டும் என்று போனைப் பைக்குள் போட்டேன். என் வாழ்க்கைக்கு இரண்டு வரியில் முடிவு கட்டியாயிற்று.

திரும்பி வந்தால் பெஞ்ச் காலி. டப்பாக்கள் மட்டும் அடுக்கியபடி இருந்தன. என்ன சொல்லிவிட்டுப் போனேன்? குளத்தை எட்டிப் பார்த்தேன்.  தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஓடினேன்.

குளத்துக்குப் பின்னால் கருப்பு மூங்கில் வேலி. அதற்கு அந்தப் பக்கம் நிழல்வலை போட்ட ஒரு கொட்டகை. நிழலில் வளரும் செடிகளுக்கானது. வேலியோரம் வந்தபோது அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க, யாராவது வர்றாங்களா?"

"யாரும் இல்லை. நீ சீக்கிரம் கிள்ளு."

 மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கொட்டகை முழுக்க நத்தைச் செடிகள். பச்சை, வெள்ளி, ரத்தச் சிவப்பு என்று சுருண்ட இலைகள் அடுக்கடுக்காக. அம்மா குனிந்து நகவெட்டியால் ஒரு காம்பை அறுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் கைப்பையைத் திறந்து பிடித்தபடி, ஈரக் கைக்குட்டையோடு காவல் நின்றார்.

"இதே செடிதானே? நல்லாப் பாத்துக்கோ."

"இதேதான். இந்தத் தடவை நீங்க இதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். தண்ணிகூட ஊத்த வேண்டாம்."

"நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன், போதுமா? ஆனா ஒண்ணு, குடுவைச் செடின்னு சொன்னியே, அது கொஞ்சம் ஓவர்."

"நீங்க மட்டும் நாத்தப் பூன்னு சொல்லலாமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "சத்தம் போடாதே. வாட்ச்மேன் வந்தாக்கூட பரவாயில்லை, அவ வந்துடப்போறா" என்றார்.

அவ. அவ என்றால் நான்.

"பாவங்க அவ, ரொம்ப இளைச்சுப் போயிட்டா" என்றாள் அம்மா, இலையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே. "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி நடிக்கறது?"

"நிறுத்திப் பாரேன். ஞாயித்துக்கிழமை ஒரு போன். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அதோட சரி, வச்சுடுவா."

களவு செய்தவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தேன் என்று சொல்வார்களே, அதை அன்று நான் அட்சரம் பிசகாமல் செய்தேன். வேலியைச் சுற்றிக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருவரும் வாயைத் திறந்து சத்தம் வராமல் நின்றார்கள். அப்பா பழக்கதோஷத்தில், "உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"போதும்!" என்று கத்தினேன். "ஒரு வார்த்தை பேசக்கூடாது. என் காதுல எவ்வளவு பூ சுத்தணுமோ அவ்வளவும் சுத்தியாச்சு. எத்தனை மாசமா நடக்குது இது?"

அம்மா நகவெட்டியை முந்தானைக்குள் மறைத்தாள்.

"தினமும் அம்மாவுக்கு ஒரு போன், அப்பாவுக்கு ஒரு போன், திரும்ப அம்மாவுக்கு. கேஸ் வந்துச்சா, வரலையா! நான் ஒரு பக்கம் பேசறப்ப இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"எப்பவும் இல்லை" என்றாள் அம்மா மெதுவாக. "சில நாள் ஸ்பீக்கர்ல போடுவோம்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"யாரு யோசனை?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இவர்தான்." "இவதான்." ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"சண்டை நிஜம்தாண்டி" என்றாள் அம்மா. "சத்தியமா நிஜம். ரெண்டு வாரம் மூஞ்சியே பாக்கலை. அப்புறம் ஒரு நாள் இவருக்கு ஜுரம். கஞ்சி வச்சுக்கிட்டு மேல போனேன். அதோட சரியாப் போச்சு. அன்னிக்கே உனக்குச் சொல்லலாம்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். நீ போன் பண்ணி, அப்பா என்ன சொன்னார், நீ என்ன சொன்னே, விடாம முதல்லேர்ந்து சொல்லும்மான்னு கேட்டே. முக்கால் மணி நேரம் பேசினே. நீ வேலைக்குப் போனதுலேர்ந்து என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதே கிடையாது. எனக்குச் சொல்ல மனசு வரலை."

கேட்கக் கேட்க எனக்குக் கோபம் தணிய வேண்டும். தணியவில்லை, இன்னும் ஏறியது. ஆசையாக இருந்தால் ஆசையாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன வேற்றாளா, ஏமாற்றிப் பேச வைக்க? அதைத்தான் கத்தினேன். கூடவே எல்லாம் வந்துவிட்டது. கடல் தாண்டிய வேலை, தலைமைப் பதவி, சாயங்காலக் கெடு, உங்களை இந்த நிலையில் விட்டுப் போக முடியாது என்று எழுதிய செய்தி. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓட ஆள் வேணுமேன்னு நான் அந்த வேலையையே வேண்டாம்னுட்டேன், தெரியுமா உங்களுக்கு?"

அப்பாவின் முகம் வெளிறிப்போனது. கைப்பை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

சத்தம் கேட்டுக் காவலாளி ஓடி வந்தார். கையில் விசில். "என்னம்மா, என்ன பிரச்சினை? யாராவது செடியில கை வச்சாங்களா?"

கைப்பை தரையில் வாய் திறந்து கிடந்தது. கைக்குட்டையின் ஓரத்தில் இலையின் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. என் வாயிலிருந்து ஒரு சொல் போதும், இரண்டு பேரையும் வழிகாட்டி ஒலிபெருக்கியில் பெயர் சொல்லாமல் வருடக்கணக்காகத் திட்டுவார். அதைச் சொல்லத்தான் வாய் துடித்தது. குனிந்து பையை எடுத்து ஜிப்பை இழுத்து மூடி, என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. குடும்ப விஷயம்" என்றேன்.

"குடும்ப விஷயத்தை வெளியில போய்ப் பேசுங்க. செடி பயப்படும்" என்றார் அவர். அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தோம்.  இப்போதுதான் மூன்று பேரும் நிஜமாகவே பேசாமல் இருந்தோம். கடைசிக் குளத்தைத் தாண்டும்போது அம்மா என் பக்கத்தில் வந்தாள்.

"அந்த மெசேஜ் போயிடுச்சா?"

"இன்னும் போகலை. சிக்னல் இல்லை. வாசலைத் தாண்டினா போயிடும்."

அம்மா நின்றுவிட்டாள். என் கையையும் பிடித்து நிறுத்தினாள். "அப்ப இங்கயே அழிச்சுடு. வாசலைத் தாண்டாதே. முதல்ல அழி."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாய்க்காலைப் பார்த்தபடி நின்றார். "நீங்க சொல்லுங்கப்பா" என்றேன். அவர் குனிந்து வாய்க்காலில் ஒரு காய்ந்த இலையைப் போட்டார்.  அவர்கள் சண்டைக்காரர்களாக இருந்தவரை முடிவு சுலபமாக இருந்தது. சண்டைக்காரர்களை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். இவர்கள் என் குரலுக்காக ஒன்று சேர்ந்து திருட்டுத்தனம் செய்த இரண்டு பேர். இவர்களை எப்படி விட்டுப் போவது? ஏன் கண்டுபிடித்தோம் என்று இருந்தது. எரிச்சலில் அழுகை வந்தது. போனை எடுத்தேன். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் போட்ட கணக்குப்படி இவர்கள் நேராகப் பேசியாயிற்று. அழித்தேன்.

வாசலைத் தாண்டினோம். வண்டி நிறுத்துமிடத்தில் சிக்னல் வந்ததும் மேலாளருக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னேன். அவர் வாழ்த்துச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இல்லை, அதற்கும் சேர்த்து இவர்கள் மேல்தான் கோபம் வந்தது. அம்மா முன் சீட்டில் ஏறிக்கொண்டு கைப்பையை என்னிடமிருந்து வாங்கி, இலை நசுங்கவில்லையே என்று பார்த்தாள். அப்பா பின்னால் உட்கார்ந்தார். நான் வண்டியைக் கிளப்பவில்லை. கிளப்பினால் எங்கேயாவது இடித்துவிடுவேன் போல இருந்தது.

பின்னாலிருந்து அப்பா தொண்டையைச் செருமினார்.

"அந்த ஊர்ல காலையில நீ எந்திரிக்கறப்ப இங்க என்ன நேரம் இருக்கும்?"

"மத்தியானம். நீங்க சாப்பிட்டு முடிச்சிருப்பீங்க. எதுக்கு?"

"சாயங்காலம் ஆபீஸ் விட்டு வர்றப்ப?"

"இங்க நடுராத்திரி தாண்டியிருக்கும்."

அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப மத்தியானம்தான்" என்றார்.

"மத்தியானம் நீங்க தூங்குவீங்களே" என்றாள் அம்மா, திரும்பி அவரைப் பார்த்து.

"நாளையிலேர்ந்து தூங்கலை. நீயும் தூங்காதே."

"அப்பா, நான் போறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குப்பா" என்றேன்.

"பழகணும் இல்லம்மா" என்றார் அப்பா.